திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் பேர் வேண்டும்

(எமது சங்கத்தின் பிராந்தியக் கூட்டத்தில் காமன் கூத்துக் குழுவின் மேடைப் பின்வேலைத் தோழர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கூத்துக் குழுவிலிருந்து ஆள் பேச வருகிறது என்றதும், ரதி வரும், மதன் வரும், இரண்டு பாட்டுக் கேட்கலாம் என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும், எங்களுக்குப் பாட வராது. லொறியில் பெட்டி ஏற்றுகிறவர்கள், உடுப்புத் தைக்கிறவர்கள், அரிதாரம் பூசி விடுகிறவர்கள், வயர் இழுக்கிறவர்கள், தப்புக்கு நெருப்பு மூட்டுகிறவர்கள் நாங்கள். மொத்தம் ஏழு பேர். அதில் மூன்று பேர் பெண்கள். கொழுந்தெடுக்கிறவர்களும், கவ்வாத்து வெட்டுகிறவர்களும், ஸ்டோரில் இரவு வேலை செய்கிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். ஒருவர் கொழும்பில் மின்சாமான் கடையில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவர். அவர் வந்த பிறகுதான் எங்கள் மேடையில் வெளிச்சம் வெளிச்சமாக இருக்கிறது.

தோட்டத்தில் கூத்து ஆடும்போது இந்த வேலைகளுக்கு என்று தனியாக ஆள் கிடையாது. உங்களுக்குத் தெரியும். மாசி மாதம் அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றிவிட்டால், காமன் தகனம் முடியும்வரை தோட்டமே காமன் வீடுதான். ஒரு லயத்துக் காம்பராவில் வேஷம் கட்டுவார்கள். பக்கத்துக் காம்பராவில் தேத்தண்ணி கொதிக்கும். கிரீடத்தில் ஜிகினா உதிர்ந்தால் அங்கு நிற்கும் பிள்ளை ஒன்று ஓடிப்போய்ப் பசை கொண்டு வரும். ரதிக்குச் சேலை கொடுப்பது ஒரு வீடு, மாலை கட்டுவது ஒரு வீடு. ராத்திரி தொடங்கினால் விடியும். இடையில் தூங்கி விழுந்தவர்களை எழுப்பி விடுவதற்குக்கூட ஆள் உண்டு. முன்பக்கம், பின்பக்கம் என்ற பிரிவே அங்கு இல்லை.

அதே கூத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகத் தொடங்கிய பிறகுதான் பின்பக்கம் என்று ஒன்று வந்தது. விடியவிடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்க வேண்டும். நாலு பக்கமும் சனம் சுற்றி நின்று பார்த்த ஆட்டத்தை ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரித் திருப்ப வேண்டும். இது எங்கள் குழு கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தை எடுத்துக் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தபோது செய்ததும் இதைத்தான். அவற்றில் ஆடியவர்களின் பெயர்களை இன்றும் சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் உடுப்புப் பெட்டியைத் தூக்கியவர் யார், திரையை இழுத்தவர் யார் என்று எவரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

சரி, எங்கள் வேலை என்ன என்று சொல்கிறோம்.

வெளியூர்க் காட்சி என்றால் முதல் நாள் மத்தியானமே தொடங்கிவிடும். கொழுந்து மடுவத்தில் நிறுத்துவிட்டு ஓடி வருவோம். லொறியில் ஏற்றுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. கடைசியில் தேவைப்படுவது முதலில் ஏற வேண்டும். அடியில் மேடைப் பலகை, கம்பத்துத் துண்டுகள். அதற்கு மேல் ஸ்பீக்கர், விளக்குப் பெட்டி. பிறகு உடுப்பு றங்குப் பெட்டிகள். கிரீடங்களையும் புஜகீர்த்திகளையும் பெட்டியில் வைக்க முடியாது, நசிந்துவிடும். அவற்றைக் கொழுந்துக் கூடைக்குள் பழைய சேலை சுற்றி வைக்கிறோம். அதற்கு அந்தக் கூடையைவிட நல்ல பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்காது. தப்புகள் எப்போதும் கடைசியாகத்தான் ஏறும், முதலில் இறங்கும். அவற்றோடு காய்ந்த மானாப் புல் ஒரு சாக்கு. அது ஏன் என்று பிறகு சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலே தறப்பாள். கினிகத்தேனைப் பக்கம் போகும்போது மழை இல்லாத நாளை நாங்கள் கண்டதில்லை.

காட்சி முடிந்து சனம் கைதட்டிவிட்டுப் போன பிறகுதான் எங்களுடைய அடுத்த பாதி வேலை. ஆடினவர்கள் முகம் கழுவிச் சாப்பிட உட்காரும்போது நாங்கள் வயர் சுற்றிக்கொண்டிருப்போம். வியர்வையில் ஊறின உடுப்பை அப்படியே மடித்து வைத்தால் இரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும். அதனால் லொறிக்குள்ளேயே கயிறு கட்டி உலர்த்திக்கொண்டு வருவோம். கொழும்பில் ஆடினால் தோட்டத்துக்கு வந்து சேர விடிந்துவிடும். இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால் பிரட்டுக்களத்துக்குப் போக நேரமாகிவிடும். போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. போனால் கண்ணைத் திறந்துகொண்டு மலை ஏற முடியாது. தோழியர்களே, தூக்கக் கலக்கத்தோடு செங்குத்து மலையில் கூடையும் சுமந்து நிற்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இனித் தப்புக்கு வருகிறோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தப்பு, தோல் கருவி. ஈரக் காற்றுப் பட்டால் தோல் தளர்ந்துவிடும். தளர்ந்த தப்பை அடித்தால் சாக்கைத் தட்டுகிற சத்தம்தான் வரும். நெருப்பில் காட்டித் தோலை விறைக்க வைத்தால்தான் அது பேசும். எங்கள் மலைக் குளிரில் இதை அடிக்கடி செய்ய வேண்டும். தோட்டத்துத் திடலில் இதற்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ஓரத்தில் நெருப்பு எப்போதும் எரியும். நகரத்து மண்டபத்தில் நெருப்பு மூட்டவா விடுவார்கள்? அதில் குளிரூட்டி வேறு. திரை திறக்கும்போது கணீரென்று இருந்த தப்பு, ரதிக்கும் மதனுக்கும் தர்க்கம் வருவதற்குள் தொய்ந்துவிடும்.

அதனால் நாங்கள் ஒரு முறை வைத்திருக்கிறோம். மேடையில் மூன்று தப்பு ஒலிக்கிறது என்றால், எங்களிடம் ஆறு தப்பு இருக்கும். மண்டபத்துக்கு வெளியே, பின்முற்றத்தில், மானாப் புல்லைக் கொளுத்தி ஒரு தோழர் மூன்று தப்பைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். மானாப் புல் குப்பென்று எரிந்து அடங்கும். விறகு நெருப்பைப் போல நின்று எரிந்து தோலைக் கருக்காது. இன்னொருவர் பின்கதவில் நிற்பார். மேடையில் சத்தம் இறங்குவதைக் காதால் பிடித்து, "அண்ணே, சூடு போயிருச்சு!" என்று இவர் கை காட்டினால், காய்ச்சின தப்பு உள்ளே ஓடும், தளர்ந்தது வெளியே வரும். பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒன்றரை மணித்தியாலக் காட்சியில் ஏழெட்டுத் தடவை இந்த ஓட்டம் நடக்கும். தப்பை எப்போது நெருப்பை விட்டு எடுப்பது என்பதற்கு மணிக்கூடு கிடையாது. காய்ச்சுகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். எங்கள் தோழர் அதைத் தன் தகப்பனிடம் படித்தவர். தகப்பன் பிரட்டுத் தப்பு அடித்து ஆட்களை வேலைக்கு எழுப்பியவர்.

மட்டக்களப்புக்குப் போனால் கதை தலைகீழ். பதுளை, பிபிலை தாண்டிச் செங்கலடியில் இறங்கும்போதே வெயிலில் தோல் விண்ணென்று விறைத்திருக்கும். அங்கு நெருப்பு வேண்டாம். நிழலும் சாக்கும் வேண்டும்.

நெருப்பு வேண்டாத தப்பு வாங்கலாமே என்று படித்தவர்கள் சிலர் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் போட்டது. வாங்கி அடித்துப் பார்த்தோம். சத்தம் வருகிறது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு மதனுக்குக் கால் எழும்பவில்லை. நாங்கள் பழைய வழிக்கே வந்துவிட்டோம்.

இந்தத் தப்பை வைத்து நடந்த இன்னொரு விஷயத்தையும் இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் போக முடியாது. ஊர் பெயர் வேண்டாம். ஒரு மண்டபத்தில் காட்சிக்கு முன் தேநீர் கொண்டு வந்தார்கள். வேஷம் கட்டினவர்களுக்கு உள்ளே கண்ணாடிக் கோப்பையில். தப்படிக்கிற தோழர்களுக்கும், அவர்களோடு நெருப்பருகே நின்ற எங்களுக்கும் வெளியே படிக்கட்டில், பேப்பர் கப்பில். கோப்பை போதாமல் போயிருக்கலாம் என்று முதலில் நினைத்தோம். உள்ளே மேசையில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் வரிசையாக இருந்தன. யாரும் சத்தம் போடவில்லை. ரதி வேஷம் கட்டுகிற தங்கச்சி, முழு அலங்காரத்தோடு எழும்பி வெளியே வந்து, படிக்கட்டில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் பேப்பர் கப்ல ஊத்துங்க அண்ணே" என்றது. பிறகு மதன் வந்தான். பிறகு எமன், வீரபத்திரன், தூதன், எல்லாரும். அன்றைக்குக் காட்சி இருபது நிமிடம் பிந்தித்தான் தொடங்கியது. மண்டபத்துப் பெரியவர் ஒருவர் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்கும் ஒரு பேப்பர் கப் கொடுத்தோம்.

வெளியூர்க்காரர்களைக் குறை சொல்லிவிட்டு இறங்கிப் போவது எங்களுக்குச் சுகம். ஆனால் தோழர்களே, நம் லயங்களில் என்ன நடக்கிறது? சாவு வீட்டுக்குத் தப்பு வேண்டும், திருவிழாவுக்குத் தப்பு வேண்டும், மே தின ஊர்வலத்தில் நம் சங்கக் கொடிக்கு முன்னால் தப்பு வேண்டும். அடிக்கிறவர் வீட்டில் பெண் எடுப்பதென்றால் மட்டும் நாலு தலைமுறைக் கணக்குப் பார்க்கிறோம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் பக்கம் வருகிறோம். முன்பு ரதி வேஷம் ஆண்கள்தான் கட்டினார்கள். இப்போது எங்கள் குழுவில் ரதியும் தோழிமாரும் பெண் பிள்ளைகள். மேடை ஏறும்போது எல்லாரும் பாராட்டுகிறார்கள். உடுப்பு மாற்ற அறை எங்கே என்று கேட்டால், "அந்த மூலையில சமாளிச்சுக்குங்க" என்கிறார்கள். பாடசாலை மண்டபங்களில் பெரும்பாலும் கதவு பூட்டாது. எங்கள் தோழியர் இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, மூன்றாமவர் உள்ளே ஊசியும் நூலுமாக வேலை செய்வார். கக்கூசுக்குப் போவதென்றால் டோர்ச் லைட்டோடு இரண்டு பேர் கூடப் போவார்கள். ஒரு பிள்ளையை எங்களோடு அனுப்புவதற்கு அதன் தாய் முதலில் கேட்கிற கேள்வி, எந்த ஊர், என்ன கூத்து என்பது அல்ல. "ராத்திரிக்கு எங்க படுப்பீங்க?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் இல்லாத இரண்டு அழைப்புகளுக்கு நாங்கள் போகவில்லை. குழுவில் சிலருக்கு வருத்தம்தான். பின்வேலைத் தோழியர் மூவரும் ஒரே பிடியாக நின்றார்கள்.

2022ஆம் ஆண்டைப் பற்றி நிறையப் பேச வேண்டாம், எல்லாரும் அனுபவித்ததுதான். வருடத் தொடக்கத்தில் லீட்டர் 121 ரூபாவாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460 ரூபா. ஒரு நாள் சம்பளமாகிய 1,000 ரூபாவுக்கு இரண்டு லீட்டரும் கொஞ்சமும். அந்த வருடம் லொறி நின்றுவிட்டது. பெட்டிகள் ஒரு காம்பராவில் கிடந்தன. எலி புகுந்து மதனுடைய மார்புப் பதக்கத்தைத் தின்றுவிட்டது. எங்கள் தையல்காரத் தோழி மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் போட்டுத் தட்டி வைத்தார். ஒருவரும் அவருக்கு அதைச் செய்யச் சொல்லவில்லை. அடுத்த வருடம் மறுபடி கிளம்பியபோது உடுப்பு உடுப்பாக இருந்ததற்கு அவர்தான் காரணம். அவர் இன்று இங்கு இருக்கிறார். எழும்பி நிற்கச் சொன்னால் கோபிப்பார்.

வடக்கே போனது பற்றிச் சொல்லியாக வேண்டும். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, வவுனியா என்று ஏ9 வீதியில் லொறி போகிறது. நம்முடைய பாட்டன் பூட்டன்மார் மன்னாரிலிருந்து காடு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள் என்று 200 வருட நினைவில் நாம் நிறையப் பேசினோம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த தோழர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். நாங்கள் அதற்கு எதிர்ப் பக்கமாகப் போனோம், பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு. கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமம். அங்கு இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் 1970களில் பட்டினியாலும், 1977 கலவரத்தாலும் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன நம் சனம்.

மண்டபம் இல்லை, திறந்த வெளிதான். அதனால் எங்களுக்கு வேலை குறைவு என்று நினைத்தோம். நெருப்புக்கு யாரும் தடை சொல்லவில்லை. மண்டபங்களில் காமன் தகனத்தை நாங்கள் செம்மஞ்சள் துணிக் கீற்றுகளைக் கீழிருந்து மின்விசிறியால் பறக்க விட்டு, சிவப்பு விளக்குப் போட்டுக் காட்டுவோம். தூரத்தில் பார்த்தால் நெருப்புப் போலவே இருக்கும். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்றைக்குத் துணியையும் விசிறியையும் லொறியிலேயே விட்டுவிட்டு உண்மையான கம்பத்தைக் கொளுத்தலாம் என்று கூத்து மாஸ்டர் சொன்னார்.

தப்புக் காய்ச்ச நெருப்பு மூட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வயதான ஒருவர் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "மானா எங்கருந்து கொண்டாந்தீங்க?" என்றார். தோட்டத்திலிருந்து என்றோம். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எங்கள் தோழர் கையிலிருந்த தப்பை வாங்கித் தானே காய்ச்சத் தொடங்கிவிட்டார். காட்சி முடியும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. ஆட்டத்தைப் பார்க்கவுமில்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்தது எந்தக் கட்டம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில், "இங்க ஒரு அடி வெட்டிட்டீங்க, நாங்க நீட்டி ஆடுவோம்" என்று குறையும் சொன்னார். கூத்து மாஸ்டர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது அந்த அடி திரும்பவும் ஆட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

இனி நாங்கள் வந்த காரியம். சென்ற பருவத்தில் ஒரு காட்சி முடிந்து நள்ளிரவு ஒரு மணிக்கு மழையில் ஏற்றும்போது எங்கள் தோழர் ஒருவர் லொறித் தட்டிலிருந்து வழுக்கி விழுந்தார். தோள்பட்டை எலும்பு முறிவு. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியச் செலவு இல்லை. ஆனால் இரண்டரை மாதம் அவருக்கு ஒரு நாள் பேரும் இல்லை. கவ்வாத்து வெட்டுகிற மனிதர். வலது தோள்.

யாரிடம் கேட்பது? தோட்ட நிர்வாகத்திடம் கேட்டோம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதும் ஏற்பட்ட காயத்துக்குத்தான். கூத்துச் சாமான் ஏற்றுவது தோட்ட வேலை இல்லை என்றார்கள். சட்டப்படி அது சரி. கூத்துக்கு அழைத்தவர்களிடம் கேட்டோம். நாங்கள் குழுவுக்குப் பணம் கொடுத்துவிட்டோம், எங்களுக்கு ஆள் யாரையும் தெரியாது என்றார்கள். குழு என்றால் யார்? நாங்கள்தான். எங்களுக்கு நாங்களே முதலாளி என்றால் கேட்பதற்குச் சுகமாக இருக்கிறது, ஆனால் முதலாளியின் கையில் காசு இல்லையே! தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் சேமலாப நிதிக்கு நிர்வாகம் 12 வீதம், நாம் 8 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் என்று கணக்கு ஓடுகிறது. இந்த வேலையில் விடிய விடியப் பாடுபட்டாலும் ஒரு ஏட்டிலும் ஒரு வரி ஏறாது.

தோழர்கள் சிலர், "இது கலைதானே, ஆசைக்குச் செய்யிறதுதானே" என்று எங்களிடம் சொல்கிறார்கள். ஆசைக்குத்தான் செய்கிறோம். ஆசைக்குத் தூக்கினாலும் பெட்டியின் பாரம் குறைவதில்லை.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். சங்கத்தின் பெயரால் ஒரு ஒப்பந்தத் தாள் தயாரித்துத் தர வேண்டும். கூத்துக்கு அழைக்கிற எவரும் அதில் கையெழுத்து வைத்த பிறகே லொறி கிளம்பும். பெண்களுக்குப் பூட்டுகிற அறை, இரவு தங்க இடம், தப்புக் காய்ச்ச ஒரு முற்றம், காயப்பட்டால் யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். தேநீர் எல்லாருக்கும் ஒரே கோப்பையில் என்பதையும் எழுதத்தான் சொல்கிறோம், சிரிக்காதீர்கள். இரண்டாவது, ஒவ்வொரு காட்சிப் பணத்திலும் செலவுக்கு முன்பே ஒரு பங்கை ஒதுக்கி, காயப்பட்டவருக்கு இழந்த பேருக்குக் கொடுக்கிற நிதி ஒன்று. அதைச் சங்கக் கணக்கில் வைக்க வேண்டும், எங்கள் கையில் வேண்டாம். மூன்றாவது, வெளியூர்க் காட்சிக்கு மறுநாளைக்குப் பதிலாக வேறொரு நாள் வேலை செய்து பேரை ஈடுகட்ட நிர்வாகத்தோடு பேசும் பொறுப்பைத் தோட்டக் கமிட்டிகள் எடுக்க வேண்டும். இரண்டு தோட்டங்களில் துரைமார் வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுத்தில் வேண்டும்.

தீர்மான வரைவைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் வாசிப்பார். அடிபட்ட தோழரும், தப்புக் காய்ச்சுகிற தோழரும் பின்வரிசையில் இருக்கிறார்கள். கேள்வி இருந்தால் அவர்களிடமே கேளுங்கள். நாலு மணிக்கு நாங்கள் போக வேண்டும். பண்டாரவளைக்கு நாளைக்குக் காட்சி, இன்னும் பெட்டி ஏற்றவில்லை. கூட்டம் முடிந்து தூக்கக் கை கொடுக்க விரும்புகிற இளைஞர்கள் இரண்டு பேர் இருந்தால் வாசலில் நில்லுங்கள்.